கானகம் காணப் போகிறீர்களா? கொசுவை மறவாதீர்!

சென்ற மாதம் ஒரு ஞாயிறு காலைத் திருப்பலி முடிந்து நான் ஆலய வாயிலில் நின்றிருந்தபோது, நாற்பது வயதை நெருங்கும் ஒருவர் தம் மனைவியோடும் இரு பிள்ளைகளோடும் வந்து என்னை வணங்கினார். நான் உதவிப் பங்குத் தந்தையாகப் பணியாற்றிய பழைய பங்கொன்றைச் சேர்ந்தவர்; அந்நாளில் என்னிடம் பீடச் சிறுவனாக இருந்தவர். "சாமி, வருகிற விடுமுறையில் பிள்ளைகளை முதுமலைக்குக் கூட்டிப் போகலாம் என்று இருக்கிறோம். என்னென்ன எடுத்துப் போகவேண்டும், சொல்லுங்கள்" என்று புன்னகையோடு கேட்டார். அப்புன்னகையின் பொருளை அவரும் நானும் மட்டுமே அறிவோம். அவ்வினாவிற்கு நான் அன்று சொன்ன விடையையே நம் பங்குக் குடும்பங்கள் அனைத்திற்கும் பயன்படும் பொருட்டு இங்கே விரித்து எழுதுகிறேன்.

1998ஆம் ஆண்டு காலாண்டு விடுமுறையின்போது, முப்பத்திரண்டு பீடச் சிறுவர்களை முதுமலைக் காட்டிற்கு அழைத்துச் சென்றேன். அரிசி, பருப்பு, பாத்திரங்கள், கம்பளி, பந்து, பாட்டுப் புத்தகம், முதலுதவிப் பெட்டி என ஒன்றையும் விடாமல் பட்டியல் எழுதி எடுத்துச் சென்றோம். யானையைக் கண்டால் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்று அரைமணி நேரம் சிறுவர்களுக்குப் போதித்தேன். கொசுவைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. மசினகுடிக்கு அருகே ஓர் எளிய இல்லத்தில் இரண்டு இரவுகள் தங்கினோம். மாலை வேளையில் ஓடையோரத்தில் அமர்ந்து செபமாலை சொன்னோம். சிறுவர்கள் அரைக்காற்சட்டையும் அரைக்கைச் சட்டையும் அணிந்திருந்தனர். செபத்தின் நடுவே அவர்கள் கையையும் காலையும் அறைந்துகொண்டே இருந்ததைக் கண்டு, "பக்தியோடு அமைதியாய் இருங்கள்" என்று கடிந்துகொண்டவனும் நானே.

ஊர் திரும்பி ஏறக்குறைய இரண்டு வாரங்கள் சென்றபின், அச்சிறுவர்களுள் ஒருவனுக்குக் காய்ச்சல் கண்டது. அருகிருந்த மருந்தகத்தில் மாத்திரை வாங்கிக் கொடுத்தார்கள், விட்டது. ஒரு நாள் கழித்து மீண்டும் வந்தது. மருத்துவர் ஒருவரிடம் காட்டினார்கள். சாதாரணக் காய்ச்சல் என்று ஊசி போட்டு அனுப்பினார். ஒன்பதாம் நாள் நான் அவ்வீட்டிற்குச் சென்றபோது பையன் வெளிறிப்போய்ச் சுருண்டு கிடந்தான். "ஒரு நாள் விட்டு ஒரு நாள் குளிர் தூக்கிப் போடுதுங்க சாமி, மூணு போர்வை போர்த்தினாலும் அடங்கமாட்டேங்குது" என்று தாய் அழுதார். அன்று என்னுடன் வந்திருந்த, செவிலியப் பணியில் நெடுங்காலம் பழகிய அருட்சகோதரி ஒருவர், "இவன் அண்மையில் எங்காவது வெளியூர் போனானா?" என்று கேட்டார். அப்போதுதான் எனக்குச் சுருக்கென்று தைத்தது. இரத்தத்தைச் சோதித்தார்கள், மலேரியா என்று தெரிந்தது. உரிய மருந்து கிடைத்ததும் பையன் பிழைத்தான். அந்தக் கொசு அவனைக் காட்டிலேதான் கடித்ததா, வேறெங்காவது கடித்ததா என்பதை எவராலும் அறுதியிட்டுக் கூற இயலாது. ஆயினும் காட்டிற்குச் சென்றதை அத்தாயோ நானோ முதல் மருத்துவரிடம் சொல்லியிருந்தால், அவன் அத்தனை நாள் வாடியிருக்க மாட்டான். அந்தக் குறை என்னுடையது. அச்சிறுவனே சென்ற மாதம் என் முன் குடும்பத்தோடு வந்து நின்றவர்.

உதகையிலிருந்து இறங்கும் இரண்டு சாலைகள்

உதகமண்டலத்திலிருந்து முதுமலைக்கு இறங்கிச் செல்லச் சாலைகள் இரண்டு உண்டு. இரண்டுமே மனிதனுக்கும் கொசுவுக்கும் நடந்த நெடும் போரின் வரலாற்றைத் தாங்கி நிற்கின்றன என்பதைப் பயணிகளுள் பலர் அறியார்.

முதற்சாலை பைக்காரா, நடுவட்டம், கூடலூர் வழியாகச் செல்வது. இன்று தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்திருக்கும் நடுவட்டத்தில், 19ஆம் நூற்றாண்டில் சிங்கோனா மரங்கள் பயிரிடப்பட்டன. அம்மரத்தின் பட்டையிலிருந்து கிடைப்பதே மலேரியாவைத் தணிக்கும் கொயினா. சிங்கோனாவின் தாயகம் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைத்தொடர். அங்கு மறைப்பணி புரிந்த இயேசு சபைத் துறவியரே 17ஆம் நூற்றாண்டில் இப்பட்டையின் பயனை ஐரோப்பாவுக்குத் தெரிவித்தவர்களுள் முதன்மையானவர்கள். இயேசு சபையைச் சேர்ந்த கர்தினால் யுவான் டி லூகோ உரோமை நகரில் ஏழை நோயாளிகளுக்கு இதனை வழங்கச் செய்தார். ஆகவே அத்தூளுக்கு 'இயேசு சபையினரின் பட்டை' என்றும் 'கர்தினாலின் தூள்' என்றும் பெயர்கள் வழங்கின. சமயக் காழ்ப்பினால் அம்மருந்தை ஐயுற்றவர்களும் அந்நாளில் இருந்தனர்! 1820ஆம் ஆண்டு பிரான்சு நாட்டு அறிஞர்களான பெலத்தியே, கவாந்து என்ற இருவரும் பட்டையிலிருந்து கொயினாவைத் தனியே பிரித்தெடுத்தனர். 1860இல் கிளமென்ட்ஸ் மார்க்கம் என்பவர் பெரு நாட்டிற்குச் சென்று சிங்கோனாச் செடிகளைத் திரட்டினார்; அவரது முயற்சியின் பயனாகச் சிங்கோனா நீலகிரியில் வேரூன்றியது.

இரண்டாம் சாலை கல்லட்டி வழியாகச் சீகூருக்கும் மசினகுடிக்கும் செங்குத்தாக இறங்குவது. 1897ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், இந்திய மருத்துவப் பணியைச் சேர்ந்த ரொனால்டு ராஸ் என்னும் மருத்துவர் உதகைக்கு வந்திருந்தார். காய்ச்சலுக்குப் பெயர்போன சீகூர்ச் சரிவை ஆராயும் நோக்குடன் அவர் இறங்கிச் சென்றார். அங்கே, சிறகில் புள்ளிகள் உடையதும், சுவரில் அமரும்போது உடலின் பின்பகுதியைத் தூக்கி நிறுத்துவதுமான ஒரு கொசுவை அவர் கண்ணுற்றார். அந்தப் பயணத்தில் மலேரியா அவரையும் பற்றியது. அதே ஆண்டு ஆகஸ்டு 20ஆம் நாள் செகந்திராபாத்தில், நோயாளி ஒருவரின் இரத்தத்தைக் குடித்த புள்ளிச் சிறகுக் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமி வளர்வதை அவர் நுண்ணோக்கியில் கண்டார். மறு ஆண்டு கல்கத்தாவில் பறவைகளைக் கொண்டு ஆய்ந்து, நோய் கொசுக்கடியினாலேயே பரவுகிறது என்பதை நிலைநாட்டினார். 1902இல் நோபல் பரிசு அவரை வந்தடைந்தது. ஆகஸ்டு 20 இன்றும் உலகக் கொசு நாளாக நினைவுகூரப்படுகிறது.

அதுவரை மக்கள் என்ன நினைத்திருந்தனர்? சதுப்பு நிலத்திலிருந்து எழும் கெட்ட காற்றே காய்ச்சலைத் தருகிறது என்று நம்பியிருந்தனர். 'மலேரியா' என்ற இத்தாலியச் சொல்லுக்கே 'கெட்ட காற்று' என்பதுதான் பொருள். நம் முன்னோர் 'மலைக்காய்ச்சல்' என்றும் 'முறைக்காய்ச்சல்' என்றும் அழைத்தனர். காற்றுக்கு அஞ்சிச் சன்னலைச் சாத்தியவர்கள், கொசுவை உள்ளே வைத்துச் சாத்தினார்கள்!

கடிப்பவள் பெண்

கொசுக்களுள் ஆண் கடிப்பதில்லை. பூந்தேனையும் செடிகளின் சாற்றையும் உண்டு வாழ்கிறது. பெண் கொசுவே, முட்டைகளை உருவாக்கத் தேவையான புரதத்தின்பொருட்டு இரத்தத்தை நாடுகிறது. நாம் வெளிவிடும் மூச்சில் உள்ள கரியமில வாயுவே அதற்கு முதல் அழைப்பு. அவ்வாயுவைப் பின்தொடர்ந்து நெருங்கியபின், உடலின் வெப்பமும் வியர்வையின் மணமும் அதற்கு வழிகாட்டுகின்றன. கருமை நிற உடையும் அதனைக் கவர்கிறது. ஓடியாடி வியர்த்து மூச்சிரைக்க வந்து அமரும் சிறுவனை அது விரைவில் கண்டுகொள்வதில் வியப்பென்ன?

காட்டிற்குச் செல்பவர் மூவகைக் கொசுக்களை அறிந்திருத்தல் நலம். மலேரியாவைப் பரப்பும் அனாபெலிஸ், அந்தி முதல் விடியல்வரை கடிப்பது. மலையடிவாரங்களில் மெல்ல ஓடும் தெளிந்த ஓடைகளின் ஓரங்களிலேயே முட்டையிடும் வகையும் இவற்றுள் உண்டு. டெங்கு, சிக்குன்குன்யா ஆகியவற்றைப் பரப்பும் ஏடிஸ், பகலில் கடிப்பது. காலையிலும் பிற்பகலின் இறுதியிலும் அதன் கடி மிகுதி. கால்களில் வெள்ளை வரிகள் இருக்கும். வீட்டிலே குடத்திலும் தொட்டியிலும் வளரும் அது, காட்டிலே மரப்பொந்துகளிலும் வெட்டிய மூங்கிலின் கணுக்களிலும் தேங்கும் மழைநீரில் வளர்கிறது. மூன்றாவதாகிய க்யூலெக்ஸ், இரவில் கடிப்பது. அவ்வினத்துள் ஒன்று சாக்கடை நீரில் பெருகி யானைக்கால் நோயையும், மற்றொன்று வயல்நீரில் பெருகி மூளைக்காய்ச்சலையும் பரப்புகின்றன.

ஆகவே, 'பகலில் கொசு கடிக்காது' என்பதும், 'தெளிந்த நீரில் கொசு வளராது' என்பதும் தவறு. 'காட்டுக் கொசு நோய் தராது' என்பதும் அதுபோன்றதே.

தமிழகத்தில் மலேரியா முன்னாளைவிடப் பெரிதும் குறைந்துவிட்டது; இறைவனுக்கும், ஊர் ஊராய் அலைந்து உழைத்த சுகாதாரப் பணியாளர்களுக்கும் நன்றி. இன்று நம் குடும்பங்களை மிகுதியும் அச்சுறுத்துவது டெங்கு. எனினும் 2023ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறக்குறைய 5,97,000 பேர் மலேரியாவால் இறந்தனர் என உலக நலவாழ்வு நிறுவனம் கணித்துள்ளது. அவர்களுள் பெரும்பாலோர் ஆப்பிரிக்கக் குழந்தைகள். சிறு கொசுதானே என்று எவரும் எண்ணவேண்டாம்.

காட்டில் காத்துக்கொள்வது எவ்வாறு?

முதலாவது, காலம். மழைக்காலத்திலும் மழை ஓய்ந்த வாரங்களிலும் கொசு மிகுதி. முதுமலைப் பகுதிக்குத் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் உண்டு. கைக்குழந்தையோடு செல்பவர்கள் மழையற்ற மாதங்களைத் தேர்வது நன்று. கோடையில் காட்டுத்தீ அச்சத்தால் பூங்காவைச் சில வாரங்கள் மூடுவதும் உண்டு. ஆதலால் முன்கூட்டியே விசாரித்துப் புறப்படுங்கள்.

இரண்டாவது, உடை. முழுக்கைச் சட்டை, கணுக்கால்வரை மூடும் உடை, காலுறை, மூடிய காலணி. இவை வெளிர்நிறமாகவும் சற்றுத் தளர்வாகவும் இருக்கட்டும். உடலை இறுக்கும் மெல்லிய துணியின் மேலிருந்தே கொசு கடித்துவிடும். தெப்பக்காடு யானைகள் முகாம், 2023இல் ஆஸ்கார் விருது பெற்ற ஆவணப்படத்திற்குப் பின் உலகெங்கும் பெயர் பெற்றுவிட்டது. அங்கே யானைகளுக்கு உணவூட்டுவதைக் காண மாலையில் மக்கள் கூடுகின்றனர். பகற்கொசு அடங்காமலும் இரவுக்கொசு எழத் தொடங்கியும் இருக்கும் வேளை அது. காலையில் அணியாவிடினும் அவ்வேளையிலாவது முழுக்கைச் சட்டையை அணிவியுங்கள்.

மூன்றாவது, தோலில் பூசும் கொசுவிரட்டி. 'டீட்' என்னும் மருந்து அடங்கிய களிம்புகள் 1950களிலிருந்தே மக்கள் பயன்பாட்டில் உள்ளன. உரிய முறையில் பூசினால் சில மணி நேரம் காக்கும். 'பிக்காரிடின்' என்பதும் நல்ல பயன் தருவது. வாங்கும்போது உறையில் எழுதியிருப்பதைப் படித்துப் பாருங்கள். உடையால் மூடாத பகுதிகளில் மட்டுமே பூசவேண்டும். கண், வாய், புண் ஆகியவற்றின் அருகே கூடாது. குழந்தைகளுக்குத் தாயோ தந்தையோ தம் கையில் எடுத்துப் பூசிவிடவேண்டும். குழந்தையின் உள்ளங்கையில் பூசினால் அது வாய்க்குப் போய்விடும். இரண்டு மாதம் நிறையாத சிசுவுக்கு எதையும் பூசாமல், கொசுவலையால் மூடிக் காப்பதே முறை. வெயிலுக்கான களிம்பும் பூசுவதானால், அதனை முதலில் பூசி, கொசுவிரட்டியை அதன்மேல் பூசவேண்டும். தங்குமிடம் திரும்பியதும் சோப்பிட்டுக் கழுவிவிடுங்கள்.

உதகையில் விற்கும் நீலகிரித் தைலத்தைப் பூசிக்கொண்டால் போதாதா என்று பலர் கேட்கின்றனர். சளிக்கும் தலைவலிக்கும் நம் வீடுகளில் வழங்கும் அத்தைலத்தின் மணம் கொசுவைச் சிறிது நேரமே விலக்கும். எலுமிச்சை மணமுடைய வேறொரு வகைத் தைலமரத்திலிருந்து பதப்படுத்தி எடுக்கும் மருந்தே நெடுநேரம் காப்பது. அதுவும் மூன்று வயதிற்குட்பட்ட குழந்தைகளுக்கு ஏற்றதன்று. இரண்டையும் ஒன்றென மயங்கவேண்டாம்.

நான்காவது, உறங்கும் இடம். சன்னல்களில் கம்பிவலை உண்டா என்று பாருங்கள். இல்லையேல் மாலை ஐந்து மணிக்கே மூடிவிடுங்கள். கொசுவலையை எடுத்துச் செல்லுங்கள். எடை மிகக் குறைவு. கட்டினால் மட்டும் போதாது. ஓரங்களைப் பாயின் அடியிலோ மெத்தையின் அடியிலோ செருகவேண்டும். கிழிசல் இருந்தால் புறப்படுமுன்னே தைத்துவிடுங்கள். கொசு வலுவாய்ப் பறக்கும் பூச்சி அன்று. ஆகவே மின்விசிறியின் காற்றும் ஓரளவு உதவும். கொசுவர்த்திச் சுருளை மூடிய அறையில் விடிய விடிய எரிப்பது, குறிப்பாகக் குழந்தைகளின் நுரையீரலுக்குத் தீங்கு. கூடாரத்திற்குள் அதனை ஏற்றுவது தீ விபத்திற்கு வழி. 'புகை போட்டால் கொசு போகும்' என்று காட்டில் சருகைக் கொளுத்துவதோ சட்டப்படி குற்றம். ஒரு பொறி ஒரு மலையையே அழித்துவிடும்.

கொசு மட்டுமன்றி உண்ணியும் காட்டில் உண்டு. 1957இல் கருநாடகத்துக் கியாசனூர்க் காட்டில் கண்டறியப்பட்ட குரங்குக் காய்ச்சல் உண்ணிக் கடியால் பரவுவது. காலுறைக்குள் காற்சட்டையின் நுனியைச் செருகிக்கொண்டு, திரும்பியதும் குழந்தைகளின் உடலைப் பார்த்துத் துடைப்பது இதற்கும் காப்பு. இறந்துகிடக்கும் குரங்கின் அருகே எவரும் செல்லவேண்டாம்.

திரும்பி வந்த பின்

இதுவே யான் பெரும் விலை கொடுத்துக் கற்ற பாடம். தயவுசெய்து நினைவில் இருத்துங்கள். காட்டிலிருந்து திரும்பிய ஒரு மாதத்திற்குள் எவருக்கேனும் காய்ச்சல் கண்டால், மருத்துவரிடம் நீங்கள் முதலில் சொல்லவேண்டியது, "இன்ன நாளில் இன்ன காட்டிற்குச் சென்றிருந்தோம்" என்பதே. மருத்துவர் கேட்பார் என்று காத்திராதீர்கள். மலேரியாவின் ஒரு வகை ஈரலில் மறைந்திருந்து பல மாதங்கள் கழித்தும் தலைகாட்டக்கூடும். இரத்தச் சோதனை ஒன்றே ஐயம் தீர்க்கும். மலேரியா என்று தெரிந்தால், காய்ச்சல் விட்டதே என்று மருந்தை இடையில் நிறுத்தாமல், மருத்துவர் குறித்த நாள்வரை முழுதும் உண்ணவேண்டும்.

டெங்கு என ஐயம் இருந்தால் ஆஸ்பிரின், இபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளைக் கொடுக்காதீர்கள். இரத்தக் கசிவு மிகும். பாராசிட்டமாலே ஏற்றது, அதையும் மருத்துவர் சொன்ன அளவில் கொடுங்கள். டெங்குவில் காய்ச்சல் தணியும் நாளே ஆபத்து தொடங்கும் நாள் என்பதைத் தாய்மார் அறியவேண்டும். கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், மிகுந்த சோர்வு இவற்றுள் ஒன்று கண்டாலும் உடனே மருத்துவமனைக்கு விரையுங்கள்.

நம் மறைமாவட்டங்களிலிருந்து வடநாட்டு மலைப்பகுதிகளுக்கும் ஆப்பிரிக்க நாடுகளுக்கும் மறைப்பணிக்காகச் செல்லும் அருட்சகோதரிகளும் இளந்துறவியரும் உளர். அவர்களைக் காணச் செல்லும் பெற்றோரும் உளர். மலேரியா மிகுந்த அவ்விடங்களுக்குச் செல்பவர்கள், புறப்படச் சில வாரங்களுக்கு முன்பே மருத்துவரைக் கண்டு, தடுப்பு மாத்திரை தேவையா என்று கேட்டறிதல் கடமை.

கொசுவையும் படைத்தவர் அவரே

இவ்வளவும் கேட்ட பிள்ளைகள், "அப்படியானால் கடவுள் கொசுவை ஏன் படைத்தார்?" என்று கேட்கக்கூடும். மறைக்கல்வி வகுப்பில் என்னிடமும் கேட்டிருக்கிறார்கள். முழு விடை என்னிடம் இல்லை. ஆயினும் இதனைச் சொல்வேன்: உலகில் ஏறக்குறைய 3,500 வகைக் கொசுக்கள் உள்ளன, அவற்றுள் மனிதருக்கு நோய் தருபவை சிலவே. கொசுப்புழுவை மீன் உண்கிறது. பறக்கும் கொசுவைத் தும்பியும் வௌவாலும் உண்கின்றன. காடு அவற்றின் வீடு. நாம் அங்கே விருந்தினர். விருந்தினராய்ச் சென்ற நாம் ஓடையில் பூச்சிமருந்தைத் தெளித்தால், கொசுவோடு மீனும் தும்பியும் மாளும். காட்டைக் கெடுக்காமல் நம்மைக் காத்துக்கொள்வதே அறிவுடைமை. நாம் எறிந்துவிட்டு வரும் நெகிழிக் குவளை ஒன்று போதும். ஒரு மழைக்குள் அது கொசுவின் தொட்டிலாகிவிடும்.

கொசுவை வடிகட்டிவிட்டு ஒட்டகத்தை விழுங்குவோரை நம் ஆண்டவர் கடிந்துகொண்டார். யானைக்கும் புலிக்கும் அஞ்சிக் கொசுவை மறந்த நானோ அதற்கு நேர்மாறான பிழையைச் செய்தேன். வீட்டிலும் இப்பிழை நேர்கிறது. நவம்பர் 2ஆம் நாள், அடைமழைக் காலத்தில், நம் அன்பிற்குரியோரின் கல்லறைகளில் மலர்க்குவளைகளை வைத்துவிட்டு வருகிறோம். அவற்றில் தேங்கும் நீரில் ஏடிஸ் கொசு முட்டையிடுகிறது. இறந்தோருக்குச் செலுத்தும் அன்பு இருப்போருக்கு நோயாகலாமா? குவளையில் ஈர மணலை நிரப்பி அதில் மலரைச் செருகுங்கள். அன்பும் குறையாது, கொசுவும் பிறவாது.

சென்ற மாதம் என்னைக் கண்டவர் இவையனைத்தையும் பொறுமையாய்க் கேட்டுவிட்டு, "அன்று எங்களைத் திட்டினீர்களே, ஞாபகம் இருக்கிறதா சாமி?" என்றார். இருக்கிறது. பிள்ளைகளோடு காட்டிற்குச் செல்லுங்கள்; யானையையும் மயிலையும் மானையும் காட்டி, படைத்தவரைப் போற்றக் கற்றுக்கொடுங்கள். மாலையானதும் செபமாலையைக் கையில் எடுக்குமுன், பிள்ளைகளின் சட்டைக் கையை மணிக்கட்டுவரை இறக்கிவிடுங்கள். அதுவும் ஒரு செபமே.